உள்ளுக்கு வெச்ச துணி

அந்தப் பையை மடியிலயே வெச்சுட்டு ஓசூர் வரைக்கும் இந்தப் பஸ்ஸுல எப்படித் தம்பி வருவீங்க? மேல போட்டுருங்க. எடமில்லீங்களா? சரி, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வெய்யுங்க. நான் ஓரமா உக்காந்துக்கறேன். எனக்குக் காலு மடங்காதுங்க, நடக்கற வழியில கொஞ்சம் நீட்டிக்கணும். வர்றவன் போறவன் எல்லாம் மிதிப்பான். அது பழகிப்போச்சு.

போர்வைங்களா? ஜிப்பு வெச்ச கவரு, நல்லாத்தான் இருக்குது. கடையில வாங்குனதா? இப்பிடிக் கொஞ்சம் காட்டுங்க. ஆங், மெஷின் தையலு. கட்டங்கட்டமா ஓட்டிருக்கறான். நல்லா இருக்கட்டும். புதுசாக் கல்யாணங்களா? சந்தோசம்.

நான் ஒரு துப்பட்டி தெச்சேனுங்க. கையில. பழைய சீலையெல்லாம் அடுக்கி வெச்சு, மேல கண்டமா ஒட்டு வெச்சுத் தெப்பாங்க பாருங்க, அது. சிரிக்கறீங்க. சிரிங்க. லாரி ஓட்டறவன் ஊசி புடிச்சான்னா எல்லாருத்துக்கும் சிரிப்புத்தான். சிரிச்சா பரவாயில்லைங்க. அதை நான் தாங்கிக்குவேன். எனக்கு நடந்தது வேற.

என் பேரு நாச்சிமுத்துங்க. நாமக்கல் பக்கம். எங்க பக்கத்துல ஊட்டுக்கு ஒரு ஆளு லாரியிலதான் இருப்பான். மீசை மொளைக்கறதுக்கு முந்தியே கிளீனரா ஏறுனவன் நானு. அப்புறம் டிரைவரு. எப்பவும் வடக்க லைனுதான். நாக்பூரு, இந்தூரு, கல்கத்தா. மாசத்துல நாலு நாளு ஊட்டுல இருந்தா அதிகம். போன பொரட்டாசியில சோலாப்பூர் தாண்டி ஒரு எடத்துல நல்ல மழை. லோடு நனையுதுன்னு தார்ப்பாயை இழுத்துக் கட்ட மேல ஏறுனேன். கயிறு வழுக்கிருச்சு. தொடையெலும்பு ரெண்டாப் போச்சு. கம்பி வெச்சு, கட்டுப் போட்டு, கொண்டாந்து ஊட்டுக் கட்டில்ல போட்டுட்டாங்க.

ஓடிட்டே இருந்தவன் கட்டில்ல கெடக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. எந்தச் சாமான் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தண்ணிச் சொம்பு எங்கன்னு கேக்கணும். ஃபேன் சுச்சு எதுன்னு கேக்கணும். நான் சம்பாரிச்சுக் கட்டுன ஊடுதான்!

மரகதம், அதான் எங்கூட்டுக்காரி, கோழிப்பண்ணைக்குப் போவா. முட்டை அடுக்கற வேலை. காலையில சோறாக்கி, ஸ்டூல் மேல மூடி வெச்சுட்டுப் போனான்னா பொழுது சாயத்தான் வருவா. வந்ததும், "சாப்பிட்டீங்களா?"ம்பா. "சாப்பிட்டேன்"ம்பேன். அவ்வளவுதான். எப்பவுமே அமைதியான பொம்பளைங்க. மத்த டிரைவருக பொண்டாட்டி மாதிரி போன்ல அழுகறது, எப்ப வர்றீங்கன்னு நச்சரிக்கறது, ஒண்ணும் கெடையாது. "நாச்சிமுத்து குடுத்து வெச்சவன்டா"ன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன்.

கால் கட்டுக்கு அடியில மெத்தையாட்ட ஒரு பழைய சீலையை மடிச்சு வெச்சிருந்தா. ஒரு நாளு அது ஓரம் பிரிஞ்சு நூலு நூலா வந்துச்சு. எனக்குக் கை சும்மா இருக்காது. ஊசி நூலு எடுத்துக் குடுன்னேன்.

"எதுக்குங்க?"

"குடு சொல்றேன்."

தெச்சேன். தையலு தெரியாதவன் இல்லைங்க நானு. நடுக்காட்டுல தார்ப்பாய் கிழிஞ்சா எந்த டெய்லரு வருவான்? கோணூசியும் சணலும் வண்டியில எப்பவும் இருக்கும். மடிச்சு, ஓட்டுத் தையலு போட்டா சொட்டுத் தண்ணி எறங்காது. அதே கைதான், ஊசிதான் சின்னது. அந்தச் சீலை மடிப்பை நாலு ஓரமும் தெச்சேன். அப்புறம் நடுவுல ஒரு ஓட்டு. அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டு. மத்தியானச் சோத்தையே மறந்துட்டேன். கையில தடவிப் பார்த்தா மேடும் பள்ளமுமா, உழுத காடாட்ட இருந்துச்சு. எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க.

எத்தனை வருசம் ஓட்டுனேன்! இந்த ஊருச் சாமானை அந்த ஊர்ல கொண்டுபோயி எறக்குனேன், அந்த ஊருச் சாமானை இங்க. எறக்குனா வண்டி காலி. ஓட்டுன ரோடு பின்னால போயிருது. இந்தா, இது என் கையால ஆனதுன்னு காட்டறதுக்கு ஒரு பொருளு இல்லை. இது அப்பிடியில்லை பாருங்க. ஒரு ஜாண் தெச்சா ஒரு ஜாண் அங்கயே இருக்குது. மறுநாளு எந்திரிச்சுப் பார்த்தாலும் இருக்குது. அந்தச் சந்தோசத்தை வெளிய சொல்ல முடியாதுங்க. வெல்லக்கட்டியைக் கன்னத்துல அதக்கி வெச்சுட்டு ஆருக்கும் தெரியாமக் கரைச்சுக்கற மாதிரி.

சரி, பெருசாவே ஒண்ணு தெச்சுருவோம்னு முடிவு பண்ணேன். ஆருக்கு? மரகதத்துக்குத்தானுங்க! இதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. எனக்கா தெச்சுக்கிட்டேன்? அவளுக்குத்தான். பண்ணையில நின்னு நின்னு அவளுக்குக் காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிருதுன்னு கோகிலா சொல்லியிருக்கறா. கோகிலா எங்க பொண்ணு, ராசிபுரத்துல கட்டிக் குடுத்திருக்குது. பொங்கலுக்குள்ள முடிச்சு, கட்டில்ல விரிச்சு வெச்சு, பண்ணையில இருந்து அவ வர்றப்போ அசத்திப்போடணும்னு இருந்தேன். அவளுக்குன்னு நான் யோசிச்சுச் செஞ்ச மொத வேலை அது. தப்பா எடுத்துக்காதீங்க, சீலையெல்லாம் நெறைய வாங்கியாந்திருக்கறேன். அது வாங்குனது. இது செஞ்சது.

துணிக்கு எங்க போறது? பீரோவுல அடுக்கி வெச்சிருக்கறா, கட்டறதே இல்லை. பண்ணைக்கு ரெண்டு நைஞ்ச சீலை, விசேசத்துக்கு ரெண்டு நல்ல சீலை. மீதியெல்லாம் சும்மா தூங்குது. நான் வாக்கர் புடிச்சு நடக்க ஆரம்பிச்சதும் பீரோவைத் தொறந்தேன். சாவி அதுலயே தொங்கிட்டு இருந்துச்சு. நல்லாக் கேட்டுக்குங்க. பூட்டி ஒளிச்சு வெச்சதை ஒண்ணும் நான் ஒடைச்சு எடுக்கலை.

அடித்தட்டுல கெடந்ததைத்தான் எடுத்தேன். ஒரு ஊதாச் சீலை, நான் சூரத்துல வாங்குனது. ஒரு மஞ்சள்ல செகப்புப் புள்ளி. எங்க மாமியாளோட கண்டாங்கி ஒண்ணு, ஓரம் இத்துப்போனது. எல்லாத்துக்கும் அடியில, ஒரு மஞ்சப்பைக்குள்ள தனியாச் சுத்தி, ஒரு பச்சை நூல் சீலை. வெளுத்துப்போயி பாசியாட்ட ஒரு கலரு. நடுவுல நைஞ்சு வலையா இருந்துச்சு. பைக்குள்ள ஒரு வசம்புத் துண்டு கெடந்துச்சு. பூச்சி அரிக்காம இருக்கப் போட்டிருப்பா போலன்னு நெனச்சேன். கரித்துணிக்கு எடுத்து வெச்சிருக்கறான்னு நெனச்சேன். நீங்களா இருந்தா வேற என்னத்த நெனைப்பீங்க?

மேல வெக்க அது ஆகாதுங்க, பார்வையா இருக்காது. உள்ளுக்கு வெக்க அதைவிட நல்ல துணி கெடைக்காது. நாலாக் கிழிச்சேன். கிழிச்சப்போ சத்தமே வரலை, அத்தனை நைஞ்சிருந்துச்சு. அடியில என் வேட்டி ஒண்ணு, நடுவுல அந்தப் பச்சை, மேல மத்ததெல்லாம் கட்டங்கட்டமா. ஊதாவுக்குப் பக்கத்துல மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்துல கண்டாங்கி. லாரி ட்யூப்பை வளையமா வெட்டி வெரல்ல மாட்டிக்குவேன், ஊசி குத்தாது. அவ அக்கட்டால போனதும் எடுப்பேன். பொழுது சாய்ஞ்சா சுருட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவேன்.

ஒரு நாளு கூட்டறப்போ, "என்னங்க, நூலாக் கெடக்குது?"ன்னா.

"கால் மெத்தையைத் தெச்சேன்."

"நல்லதுங்க"ன்னுட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா. வேற ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ.

ஐப்பசி, காத்திகை, மார்கழி. வெளிய தூறல் விழுந்துட்டே இருக்கும். நான் சன்னலோரமா உக்காந்து தெச்சுட்டே இருப்பேன். ஓரத்துல இருந்து உள்ள, உள்ள, சுத்திச் சுத்தி வரணும். ஒரு தையலு பெருசா இருந்தாலும் பிரிச்சுட்டு மறுக்காப் போடுவேன். கால் வலி மறந்துச்சு. வண்டியை வேற டிரைவரு கையில குடுத்துட்டாங்கங்கற கோவம் மறந்துச்சு. பொய் சொல்லலை தம்பி, என் வாழ்க்கையில நான் அத்தனை நிம்மதியா இருந்தது அந்த மூணு மாசம்தான்.

போகியன்னிக்கு முடிச்சேன். பொங்க நோம்பிக்குக் கோகிலா வந்திருந்துச்சு. கட்டில்ல விரிச்சேன். "அப்பா! நீங்களாப்பா?"ன்னு வாயைப் பொத்திக்கிச்சு. பக்கத்து ஊட்டுப் பொம்பளைக எல்லாம் வந்துட்டாங்க. தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. "மெஷினு தோத்துப்போகும்"னு ஒரு அம்மா சொல்லுச்சு. எனக்கு அப்பிடி ஒரு பெருமை.

மரகதம் வந்தா. காலைக் கழுவிட்டு உள்ள வந்தவ அப்பிடியே நின்னுட்டா. எல்லாரும் அவ மூஞ்சியையே பாக்கறாங்க. கிட்ட வந்து குனிஞ்சு ஒவ்வொரு கட்டமாத் தடவுனா. "இது சூரத்து"ன்னா. "இது எங்கம்மாவோடது"ன்னா. கோவமில்லீங்க. மூஞ்சியில சிரிப்புக்கூட வந்துச்சு, நான் பார்த்தேன். வந்துச்சு. "எப்பிடிங்க தெச்சீங்க இத்தனையும்?"ன்னா.

அப்புறம் என்ன தோணுச்சோ, பீரோவைத் திரும்பிப் பார்த்தா. போயித் தொறந்தா. குனிஞ்சு அடித்தட்டுல கையை விட்டுத் தொளாவுனா. அந்த மஞ்சப்பை வெறும் பையா வந்துச்சு.

"இதுல இருந்த பச்சை எங்கீங்க?"

"உள்ளுக்கு வெச்சிருக்கறேன்."

"எதுக்குள்ள?"

"துப்பட்டிக்கு உள்ளதான். மெதுவா இருக்கட்டும்னு. நாலாக் கிழிச்சுப் பரப்பியிருக்கறேன், எங்கயும் சுருண்டுக்காது பாரு."

அவ சத்தம் போடலைங்க. கட்டிலோரத்துல உக்காந்தா. அந்தத் துப்பட்டி மேல ரெண்டு கையையும் வெச்சுட்டு, கொழந்தைக்குக் காச்சலான்னு தொட்டுப் பாக்கற மாதிரி அங்கங்க அமுத்திப் பார்த்துட்டே இருந்தா. வந்திருந்த பொம்பளைக ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் கேட்டேன், "என்ன ஆச்சு இப்ப? ஒரு கந்தலுக்கு?"ன்னு.

கோகிலாதான் என்னைப் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கம் கூட்டிட்டுப் போயிச் சொல்லுச்சு. "அப்பா, அது அண்ணனுக்குத் தொட்டில் கட்டுன சீலைப்பா."

எந்த அண்ணன்னு எனக்கு ஒரு நிமிசம் புரியலைங்க. ஒரே பொண்ணுதானேன்னு நெனைக்கறீங்க. கோகிலாவுக்கு முந்தி ஒரு பையன் பொறந்தான். நாலஞ்சு மாசம் இருந்திருப்பான். நான் ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் தூங்கிட்டு இருந்தான். முறையாப் பேரு வெக்கலை இன்னும், அவ என்னமோ சொல்லிக் கூப்பிடுவா. கண்ணனோ, மணியோ, ஞாபகமில்லை. காச்சலு வந்துச்சு, ரெண்டே நாளு. நாக்பூர்ல புரோக்கர் ஆபீசுக்கு டிரங்க்கால் போட்டுச் சொன்னாங்க. ஒடனே கெளம்பிட்டேனுங்க. கெளம்பிட்டேன்னா, வெறும் வண்டியா எப்பிடி வர்றது? மொதலாளி வண்டி. ஆரஞ்சு லோடு கெடைக்கற வரைக்கும் நின்னுதானுங்க வரணும். எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவான். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஊடு கழுவி, தொட்டிலை அவுத்து எடுத்து வெச்சுட்டாங்க. அது பச்சையா செகப்பான்னு நான் எங்க பார்த்தேன்?

இதத்தான் கோகிலாகிட்டயும் கேட்டேன். "நான் எங்க பார்த்தேன் கண்ணு? உனக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்கு ஏன் ஆரும் சொல்லலை?"

"அம்மா வருசா வருசம் அதை எடுத்து வெயில்ல போட்டுட்டு வெப்பாங்கப்பா. நீங்க வண்டியில இருப்பீங்க."

சரி. தெரியாம நடந்துபோச்சு. தெரியாமச் செஞ்சதுக்கு என்ன தண்டனை? நீங்க சொல்லுங்க. திட்டியிருக்கலாம். ரெண்டு நாளு பேசாம இருந்திருக்கலாம். அவ என்ன பண்ணா தெரியுங்களா?

பிரிச்சா.

கோவத்துல சர்ருன்னு கிழிச்சு வீசியிருந்தா நான் தாங்கிக்கிட்டிருப்பேன் தம்பி. இவ அப்பிடியில்லை. பொங்கலு முடிஞ்ச மறுநாள்ல இருந்து, பண்ணையில இருந்து வந்ததும் சோத்தை எனக்குப் போட்டுட்டு, கண்ணாடியை மாட்டிட்டு, வெளிச்சத்துல உக்காந்து ஒவ்வொரு தையலாப் பிரிச்சா. ஊக்கால நூலைத் தூக்கறது, சின்னக் கத்திரியில வெட்டறது. தூக்கறது, வெட்டறது. நான் எந்த வழியாத் தெச்சுட்டு உள்ள போனேனோ அதே வழியா. எதிருக்கக் கட்டில்ல நான் உக்காந்திருக்கறேன். என் மூணு மாசத்தை என் கண்ணு முன்னாடி பொறுமையா உருவி எடுக்கறா. அத்தனை லேசுல வரலைங்க. என் தையலு அப்பிடி. ஒரு நாளு ஊக்கு வெரல்ல ஏறி ரத்தம் வந்துருச்சு. சீலை முந்தானையில தொடைச்சுட்டு மறுக்கா ஆரம்பிச்சா.

"அந்தத் துணி உள்ள பத்திரமாத்தானே இருக்குது? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே"ன்னேன்.

"இருக்கட்டுங்க."

"நாந்தான் தெரியாமப் பண்ணேன்னு சொல்றேனில்ல?"

"சரிங்க."

அவ்வளவுதான். சரிங்கன்னு ஒரு சொல்லு. அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பேசறது?

கடைசியில எடுத்துட்டா. நாலு துண்டு. பூராவும் ஊசி ஓட்டை. அதை அலசிக் காயப்போட்டு, நாலையும் ஒண்ணா வெச்சுத் தெக்க உக்காந்தா. தெக்கறாளா அவ? கோழி கெளறுன மாதிரி. கோணல்மாணலா ஓடுது. அவளுக்கு ஊசியே ஆகாது, கண்ணும் பத்தாது. எனக்குப் பாக்கப் பொறுக்கலை. நைஞ்ச துணிங்க, இழுத்துத் தெச்சா இன்னும் கிழியும். "இங்க குடு. தெச்ச தடம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி நான் இணைச்சுத் தர்றேன்"னு கையை நீட்டுனேன்.

மனசாரத்தான் நீட்டுனேன். அவ நிமிந்து என் கையைப் பார்த்தா. பார்த்துட்டு, மடியில கெடந்த துணியைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளி வெச்சுக்கிட்டா. திருடன்கிட்ட இருந்து எடுத்து வெக்கற மாதிரி. தாலி கட்டுனவன்கிட்ட இருந்து! அந்தப் பையனுக்கு நான்தானுங்களே அப்பன்?

அதுக்கு மேல எனக்கு அந்த ஊட்டுல உக்காந்திருக்க முடியலை. ஓசூர்ல நம்ம லாரி ஆபீசு ஒண்ணு இருக்குது. வண்டிக நிக்கற எடத்துக்கு வாச்மேன் வேணும்னாங்க. ஒத்தக்காலு ஆனாலும் உக்காந்து பாத்துக்கலாம். வர்றேன்னுட்டேன். கோகிலா போன்ல அழுதுச்சு. "அம்மாவைத் தனியா விட்டுட்டா போறீங்க?"ன்னு. இத்தனை வருசம் தனியாத்தானே இருந்தா? அவளுக்கு அது பழக்கம்தான்.

இன்னிக்குக் காலையில அவதான் என் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. நான் கால இழுத்துட்டுப் பின்னால வர்றேன். பஸ்ஸு நிக்குது, இன்னும் எடுக்கலை. ஏறறதுக்கு முந்தி கேட்டுப்போட்டேன், மனசுக்குள்ளயே வெச்சுட்டு இருக்க முடியலை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைத் தொட்டிருப்பனா?"

"நீங்க கேக்கலீங்களே."

"துணி எடுக்கறதுக்கு உன்னைய என்ன கேக்கறது? என் ஊட்டுப் பீரோ."

"நான் துணியைச் சொல்லலைங்க"ன்னா. கொரலு ஒசரவே இல்லை. பண்ணையில முட்டைக் கணக்கு ஒப்பிக்கற மாதிரி சொல்றா. "அவனைப் பத்தி. எப்பிடி இருந்தான், ஆராட்ட இருந்தான், எப்பிடிச் செத்தான். ஒரு நாளு கேக்கலை நீங்க. நாக்பூர்ல இருந்து வந்து நின்னீங்களே, அன்னிக்கு என்னைய ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க."

"என்ன கேட்டேன்?"

"சோறு இருக்குதான்னு."

அதுக்குள்ள கண்டக்டரு விசிலு குடுத்துட்டான். பையை உள்ள தள்ளிட்டு, என் கையைப் புடிச்சு ஏத்தியும் விட்டா. அதுல ஒண்ணும் கொறை வெக்கலை.

எனக்கு அது ஞாபகத்துலயே இல்லீங்க. ஆனா கேட்டிருப்பேன். பகலு ராத்திரின்னு பாக்காம ஓட்டிட்டு வந்து எறங்குனவன் வேற என்னத்தக் கேப்பான்? போட்டாளுங்க அன்னிக்கு. அது ஞாபகமிருக்குது. சுடுசோறு, ரசம். பக்கத்துலயே உக்காந்து, போதுங்களா, இன்னும் வெக்கட்டுங்களான்னு கேட்டுக் கேட்டுப் போட்டா. ஒரு பொட்டுக் கண்ணீரு இல்லை. அப்ப அழுகாதவ, அப்ப ஒரு வார்த்தை சொல்லாதவ, இப்ப வந்து, பஸ்ஸு கெளம்பற நேரத்துல சொல்றா. நாயமுங்களா இது? நீங்களே சொல்லுங்க தம்பி.